நானூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன்

அச்சகத்துக்காரர் விவரமான ஆள். கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளில் மாப்பிள்ளை ரோஷனின் அப்பா ஜான்பீட்டரின் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அடித்துக் கொடுத்திருந்தார். "வீட்ல பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க தம்பி, திங்கக்கிழமை மெஷின்ல ஏத்திடுவேன்" என்று ரோஷனிடம் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

அந்த இடத்துக்கு வரவேண்டிய வார்த்தை 'காலஞ்சென்ற'. போட்டே ஆகவேண்டும் என்று நிற்பவர் பெண்ணின் அப்பா. "இருபத்தாறு வருசமா இல்லாத மனுசனை இருக்கிற மாதிரி அடிச்சா, மேடையில அவரு எங்கன்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. போடவே கூடாது என்று நிற்பவள் ரோஷனின் அம்மா அருள்செல்வி. பெண்ணின் அப்பா கேட்டது நியாயம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? புருஷன் செத்துவிட்டான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர் பட்டியலில் சேர்க்க ஜான்பீட்டர் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பங்குச் சாமியாரே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ரோஷனுக்கு தாசரகுட்டையில் படம் எடுக்கும் வேலை வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பின்னால் ஸ்டூடியோ வைத்திருப்பவன் அவன். தாசரகுட்டை எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துக்குள். ஒரு காலத்தில் சின்னத் தங்கச் சுரங்கம். எண்பத்தாறில் மூடியதும் ஆள் அண்டாமல் கிடந்தது. இப்போது ஒரு பெங்களூர்க் கம்பெனி அதை வாங்கி, தொழிலாளிகள் குடியிருந்து இடிந்துபோன லைன் வீடுகளைக் கட்டி வெள்ளையடித்து, சனி ஞாயிறுக்கு ஆள் தங்குகிற இடமாக மாற்றியிருந்தது. அவர்களுக்கு வெப்சைட்டில் போடப் படம் வேண்டும்.

அம்மாவிடம் சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தான். அவனைப் பெற்றவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை காலையில் அவன் பைக்கை எடுக்கும்போது, பார்ட்ஸ் கம்பெனி பேக்கிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் வாசலில் தயாராக நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"நீ எங்க போறியோ அங்கதான். உங்கப்பா டோக்கன் அங்க இருக்குதா இல்லையான்னு பாக்கணும்."

கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

பேரிகை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மேடுகள் தெரிந்தன. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மருந்து கலந்த மண், அதில் புல் பூண்டு முளைக்காது. வெள்ளை வெளேரென்று மலை மலையாக நிற்கும். காற்று வீசினால் லைன் முழுக்கத் தூசி, சோற்றில் நறநறக்கும். அருள்செல்வி அங்கே வாழ்ந்த காலத்தில் அந்த மண்ணைச் சபிக்காத நாள் கிடையாது. இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்கமுடியவில்லை. ரோஷன் பைக்கை நிறுத்தி நாலு படம் எடுத்தான். பாலைவனம் மாதிரியே இருக்கிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கேட்டில் முனிவேல் என்பவர் வரவேற்றார். பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தடையில்லாமல் பேசுவார். தலையில் விளக்கு வைத்த தொப்பி ஒன்றைக் கம்பெனி மாட்டிவிட்டிருந்தது. சுரங்கத்தில் ஒரு நாள்கூட இறங்காத தலை அது.

"வாங்க சார். வாங்கக்கா. முதல்ல டைம் ஆபீஸ் பாத்துரலாம். அதுதான் எங்களுக்கு ஷோ பீஸு."

அருள்செல்வி அவருக்கு முன்னால் நடந்தாள். அவள் வந்ததே அந்த அறைக்காகத்தான்.

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. டைம் ஆபீஸ் சுவரில் ஆணி வரிசையோடு இரண்டு பலகை. ஒன்றின் தலையில் 'மேலே' என்றும் இன்னொன்றின் தலையில் 'கீழே' என்றும் எழுதியிருக்கும். இறங்கும்போது தன் டோக்கனை 'மேலே'யிலிருந்து எடுத்துக் 'கீழே'யில் மாட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறவேண்டும். ஷிப்ட் முடிந்து வந்ததும் திரும்ப 'மேலே'யில். அவனவன் டோக்கனை அவனவன் கைதான் தொடலாம். இன்னொரு கை பட்டால் அவன் ஏறமாட்டான் என்று லைனில் ஒரு பயம். மேனேஜர் துரைகூடக் கிட்டே போகமாட்டார்.

எண்பத்தொன்றில் பதினாலாம் மட்டத்தில் பாறை இறங்கியது. உள்ளே இருந்த மூன்று பேரில் ஜான்பீட்டர் ஒருவன். பத்து நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, அந்த மட்டத்தையே சுவர் வைத்து அடைத்தார்கள். மூன்று டோக்கன் 'கீழே' பலகையில் நின்றுபோனது. கம்பெனி அவற்றை எடுக்கப் பார்த்தபோது அருள்செல்வி ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் மறித்து உட்கார்ந்தாள். எடுக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துச் சுரங்கத்தை மூடி, அந்த அறையை அப்படியே பூட்டினார்கள். ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். 'கீழே'யில் 412 தொங்கியது. அதை நெஞ்சில் முடிந்துகொண்டுதான் ஓசூருக்கு வந்தாள். மனுஷன் ஷிப்டில் இருக்கிறான், இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். அவள் பைத்தியம் இல்லை. அடைத்த சுவருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தெரியாதவளும் இல்லை. ஆனால் டோக்கன் கீழே இருக்கும்வரை யாரும் தன்னிடம் வந்து முடிந்தது என்று சொல்லமுடியாது என்று ஒரு பிடி.

முனிவேல் விளக்கைப் போட்டார். அறை பளிச்சென்றது. 'கீழே' பலகை வெறும் ஆணிகளோடு நின்றது. 'மேலே' பலகையில் அத்தனை டோக்கனும் நம்பர் வரிசையில், தங்கமாக மின்னிக்கொண்டு. நானூற்றுப் பதினொன்றுக்கும் நானூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில் 412.

"மூணு டோக்கன் மட்டும் இந்தப் பக்கம் தனியா கிடந்துச்சுக்கா, பச்சை ஏறிப்போய். பாக்க நல்லாவா இருக்கும்? எல்லாத்தையும் கழட்டி, புளி போட்டு நானே தேய்ச்சு, வரிசையா மாட்டிட்டேன்" என்றார் முனிவேல். நல்ல வேலை செய்த சந்தோஷம் முகத்தில்.

ரோஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தான். அருள்செல்வி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"படத்தை எடுடா. பலகை பேரும் தெரியற மாதிரி எடு."

எடுத்தான். அவள் பலகையைப் பார்த்தபடியே நின்றாள். "ஏறிட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் இருந்தது துக்கமா ஆசையா என்று ரோஷனுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

அடுத்து வீடுகள். அஞ்சாவது லைனில் ஏழாம் நம்பரைத் திறக்கச் சொன்னாள். குடியிருந்த வீடு. அடுப்பு இருந்த மூலையில் இப்போது பாத்ரூம், அதில் கீசர், பக்கெட், சொம்பு. கட்டிலில் விரித்த விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ரோஷனும் முனிவேலும் பக்கத்து வீடுகளைப் படம் எடுக்கப் போனார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

சரியாக மூன்று மணிக்கு, ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. வருகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று தினமும் ஊதுகிறார்களாம். அருள்செல்விக்கு அது வேடிக்கையாக இல்லை. சங்கு ஊதினால் லைனில் எல்லா வீட்டிலும் அடுப்பில் தண்ணீர் ஏறும். மேலே வந்து, டோக்கன் மாற்றி, கேட்டில் சோதனை முடிந்து வீட்டுக்கு வர அரைமணி. வரும்போது தண்ணீர் கொதிக்கவேண்டும், உடம்பு முழுக்க அப்பியிருக்கும் தூசி போகவேண்டும். கடைசியாக அவள் வைத்த தண்ணீர் சுண்டிச் சுண்டிப் பானை கருகிப்போனது.

எழுந்துபோய்க் கீசரைப் போட்டாள். வாசல்படியில் உட்கார்ந்தாள்.

ரோஷன் திரும்பி வந்து, கீசரில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். கூண்டு இறங்கும் ஷாஃப்டிலிருந்து லைனுக்கு வரும் பாதையில் வெயில் காய்ந்தது. பெங்களூர் ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டே போனது. அப்புறம் தோட்டக்காரர் ஒருவர். அப்புறம் யாரும் இல்லை. வெள்ளை மண்தான் பறந்தது. வரட்டுமே, ஒரே ஒரு தரம் வரட்டுமே என்று அவளுக்கு இருந்தது. இருபத்தாறு வருஷம் எட்டிப் பார்க்காத ஆசை அந்த அரைமணியில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளே கீசர் விளக்கு அணைந்தது.

"தண்ணி காஞ்சிருச்சு" என்றாள். பாதையை இன்னொரு தரம் பார்த்தாள். "கீழ இருந்தாரு, வரல. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. மேல ஏறின மனுசன் வேற எங்கடா போவாரு? நேரா வீட்டுக்குத்தான வருவாரு."

ரோஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த வார்த்தையைப் போட்டுக்கச் சொல்லு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. துக்கம் கேட்டால் தலைக்கு ஊற்றிக்கொள்வது லைனில் எல்லா வீட்டிலும் உண்டு, சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு என்று அதில் பேதம் கிடையாது. கட்டின சேலையோடு, சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். அதற்குள் ரோஷனிடம் விஷயம் தெரிந்துகொண்ட முனிவேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தெரியாம கை வெச்சுட்டேன்க்கா. சொல்லுங்க, இப்பவே எடுத்துப் பழைய பலகையில மாட்டிடறேன்."

"வேணாங்க. ஏறினது ஏறினதாவே இருக்கட்டும்."

திரும்பும்போது ரோஷன் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். காற்றில் சேலை காய்ந்துகொண்டே வந்தது, கண் காயவில்லை. அச்சகம் மூடுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டால் ஒரு வேலை முடியும் என்று ரோஷன் பைக்கை விரட்டினான்.

"மெதுவாப் போடா" என்றாள் பின்னாலிருந்து. "என் புருசன் செத்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகல."