பின்கூண்டுப் புகையான்

தம்பிக்கு ‘உறிஞ்சி’ என்று பட்டம் கட்டியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தம்பிக்குப் புகையான் வளர்க்கிற வேலை. பயிரின் தூரில் உட்கார்ந்து சாறு குடித்துப் பயிரையே தீய்த்துவிடுகிற அந்தப் பொடிப்பூச்சியை, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் அதே நிலையத்தில் புது ரகம் உண்டாக்குகிறவர். ஒருநாள் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும், “ஏன்டா உறிஞ்சி, இன்னைக்கு எத்தனை முழுங்கின?” என்றார். வீடே சிரித்தது. தம்பி பொண்டாட்டிக்குப் புரையேறிவிட்டது, அப்படி ஒரு சிரிப்பு. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணனுடைய உயிர் ‘ஒன்பது’ என்ற ரகத்தில் இருந்தது. புகையான் அதில் வந்து உட்காரும், வாயை வைக்கும், சாறு ஒத்துக்கொள்ளாமல் பட்டினி கிடந்து சாகும். மருந்தே தேவையில்லை. கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி, அதுவும் அடுத்த வருஷம். அதற்குள் தம்பி பொண்டாட்டி, அப்பா தம்பிக்கு எழுதிவைத்த வயலுக்கு விதை கேட்டு வாங்கிவிட்டாள். வயல் தம்பி வீட்டுக் கொல்லையை ஒட்டியே இருந்தது. “மாமா குடுத்த நெல்லு” என்று வரப்பில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். தம்பிக்கு வயிறு எரிந்தது.

எரிகிற வயிறு சும்மா இருக்குமா? நிலையத்தின் பின்கட்டில், புழங்காத அறையில் ஒரு கூண்டு வைத்தான். ஒன்பதின் நாற்றை மட்டும் வைத்துப் பூச்சியை விட்டான். கூட்டம் கூட்டமாகச் செத்தன. தப்பிய நாலைந்தின் குஞ்சுகளை மறுபடியும் ஒன்பதின் மேலேயே விட்டான். தலைமுறை தலைமுறையாக இதே வேலை. பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருத்தன் இத்தனை பாடுபட மாட்டான். கடைசியில் ஒன்பதையே உறிஞ்சிக் கொழுக்கிற ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. அதற்குள் வயலில் அவள் ஒன்பதை நட்டும் விட்டாள்.

பூச்சி ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது என்று, பூச்சி அறையில் போட்ட கோட்டை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட அது தெரியும். ஆனால் பின்கட்டில் கோட்டு தொங்கினால் யாராவது எட்டிப் பார்ப்பார்களே! அதனால் நம்ம புத்திசாலி அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய், கொல்லைக் கொடியில் உதறிப் போட்டான். கொடிக்கு அந்தப் பக்கம் வயல்.

கடைசிச் சோதனை நாள் வந்தது. தட்டில் வரிசை வரிசையாக நாற்று. நடுவில் ஒரு வரிசை சாவதற்கென்றே விதைத்தது. அது செத்தால்தான் பூச்சிக்குப் பசி இருந்தது என்று அர்த்தம். தம்பி பின்கூண்டைக் கொண்டுவந்து கவிழ்த்தான். வாரம் திரும்புவதற்குள், சாக வேண்டியதோடு ஒன்பதும் சுருண்டு கிடந்தது.

“உன் பூச்சில ஒண்ணும் கோளாறு இல்லையேடா?” சுருண்ட நாற்றைப் பிடுங்கிப் பார்த்தபடி அண்ணன் கேட்டார்.

“அதுக்கென்னண்ணா தெரியும்? பசிச்சுது, குடிச்சுது.”

தோற்ற ரகத்தின் விதையை அன்றைக்கே எரித்துவிட வேண்டும், அது அங்கே வழக்கம். அண்ணன் தன் கையாலேயே அள்ளி அள்ளி உலையில் போட்டார், விசும்பிக்கொண்டே. பக்கத்தில் நின்ற தம்பிக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது. வெட்கங்கெட்ட பயல்!

அடுத்த வாரமே தம்பி பொண்டாட்டி அண்ணனுக்குப் போன் செய்தாள். “மாமா, நெல்லு வட்டம் வட்டமா காயுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

அண்ணன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வயல் சாதாரண நெல். புகையான் அடித்துச் சருகாகிக் கிடந்தது. அதை ஒட்டிய ஓரத்தில் ஒன்பது பச்சைப் பசேலென்று நின்றது. காய்ந்த வட்டங்களெல்லாம் கொல்லைப் பக்கம்தான், கொடிக்கு நேர் கீழே. கொடியில் கோட்டு ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கோட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“எதுல வளர்த்த?”

தம்பி நகர்ந்து கோட்டை மறைத்துக்கொண்டு நின்றான்.

“ஒன்பதுலயா?”

தலையாட்டினான்.

“அடப்பாவி. என் நெல்லு நல்லாத்தான்டா இருந்துது!” அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் மிச்சமிருந்த ஒன்பது இந்த வயல்தான். கதிர்கூட இன்னும் வெளியே வரவில்லை.

மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். “மருந்தடிச்சு, அறுத்து, மொத்தத்தையும் சேத்துல போட்டு உழணும். இன்னைக்கே. இந்தப் பூச்சி வெளியே போச்சுன்னா அப்புறம் எந்த நெல்லும் மிஞ்சாது.”

“அந்தப் பச்சையா இருக்கிற மூலையையாவது விடுங்க மாமா, விதைக்கு ஆகும்” என்று அவள் கெஞ்சினாள்.

“தாளுக்குள்ள முட்டை இருக்கும்மா. ஒரு தூரைக்கூட விட முடியாது.” தம்பி பக்கம் திரும்பினார். “நீயே உழு.”

தம்பி டிராக்டரில் ஏறினான். பச்சை மூலைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினான். அண்ணன் வரப்பிலிருந்து, “ம்ம்” என்றார். அதுவும் சேற்றுக்குள் போனது.

சேறு வழிய அவன் இறங்கி வந்தபோது பொண்டாட்டி கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தக் கோட்டை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தாள்.

“எத்தனை முழுங்கின?” என்று கேட்டாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.