பின்பக்கத்து நாற்கரம்

தலைமையாசிரியர் நல்லவர்; அதை மறுப்பதற்கில்லை. பார்வையற்ற மாணவிக்கு வடிவியல் கேள்விகளிலிருந்து விலக்கு அளிக்கும் படிவத்தை அவரே நிரப்பி, கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு குறியும் இட்டு, அவளுடைய தாயான தையற்காரம்மாவின் பக்கம் அன்போடு நகர்த்தினார்.

"போடுங்கம்மா. பாப்பாவுக்குத் தொல்லை விட்டுது."

"போட்டா மேல்வகுப்புல கணிதப் பிரிவு கிடைக்குமா சார்?" என்று கேட்டாள் தாய்.

"அது எப்படிம்மா? படக்கணக்கு செய்யாதவங்களுக்கு அந்தப் பிரிவு கிடையாதே."

"அப்ப வேண்டாம் சார்," என்றாள் மகள். "எனக்குப் படம் தெரியும்."

அது வெறும் வாய்ச்சவடால் அன்று. துணியில் அளவுக்கோடு பதிக்கும் பல் சக்கரத்தை, ரப்பர் விரிப்பின் மேல் வைத்த தடித்த தாளில் தாய் உருட்டுவாள். மறுபுறம் கோடுகள் புள்ளி புள்ளியாகப் புடைத்து நிற்கும். இரண்டு ஆண்டுகளாகப் பாடநூலின் படங்கள் அத்தனையும் அப்படித்தான் மகளின் விரல்நுனிக்கு வந்து சேர்ந்தன.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி. நானே ஒரு புதுப் படம் வரையறேன். விடை சொல்லிட்டா படிவத்தைக் கிழிச்சிடறேன். இல்லேன்னா கையெழுத்து. நடுவுல அம்மா வாய் திறக்கக் கூடாது."

வரைந்தார். பெரிய மனிதரின் மேசையில் வேலை செய்து பழக்கமில்லாத தையற்காரம்மா, பையிலிருந்து சக்கரத்தையும் விரிப்பையும் எடுத்து, கோடு பிசகாமல் உருட்டி முடித்து, தாளைத் திருப்பி மகளின் முன் வைத்தாள். வைத்த கணமே அவளுக்குத் தவறு உறைத்தது. வீட்டிலென்றால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, படத்தைப் பின்பக்கம் நகலெடுத்து, அதன் மேல்தான் உருட்டுவாள். இல்லாவிட்டால் இடமும் வலமும் மாறிப்போகும். பதற்றத்தில் அதை மறந்துவிட்டாள். இப்போது வாயும் திறக்கக் கூடாது.

"ஒரு நாற்கரம்," என்று வாசித்தார் தலைமையாசிரியர். "மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இணை. மேலே ஒன்பது, கீழே பதினாலு. இடப்பக்கம் நேர்குத்து, நீளம் பன்னிரண்டு. வலப்பக்கச் சாய்கோட்டின் நீளம் எவ்வளவு?"

மகளின் விரல்கள் தாளைச் சுற்றி வந்தன, நின்றன, மறுபடியும் சுற்றின. நெற்றி சுருங்கியது.

"கஷ்டமா இருந்தா விட்டுடு பாப்பா, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்," என்று பரிவோடு பேனா மூடியைத் திறந்தார் அவர். தாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கணக்குல கஷ்டமில்ல சார். படம்தான் புரண்டு படுத்திருக்கு. நீங்க சொன்ன இடப்பக்கம் இங்க வலப்பக்கமா நிக்குது. அம்மா அவசரத்துல அப்படியே உருட்டிட்டாங்க."

"நான் சரியாத்தானே வரைஞ்சேன்?"

"முன்பக்கம் உங்களுக்கு சார், பின்பக்கம் எனக்கு. பரவாயில்ல, மனசுக்குள்ள திருப்பிக்கிட்டேன். பதினாலுல ஒன்பது போனா அஞ்சு. அஞ்சும் பன்னெண்டும் செங்கோணத்துல நின்னா, சாய்கோடு பதிமூணு."

தலைமையாசிரியர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். கண்களை மூடிக்கொண்டு ஒருமுறை தடவியும் பார்த்தார். பிறகு கையும் களவுமாகப் பிடிபட்ட மாணவனைப் போல அசடு வழியச் சிரித்து, படிவத்தை நான்காகக் கிழித்தார். சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்து எழுதினார்.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன்மா."

"மை எழுத்து எனக்குத் தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க."

"கணிதப் பிரிவு."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சார். அம்மா அழுதுகிட்டு இருக்காங்க, காதுல விழுந்திருக்காது."

மரியாதைக்குரிய அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தாழ்வாரம் முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.