முன்னால் நகர்ந்திருந்த இருக்கை

வண்டி உருண்டு எழுபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. என் அண்ணன் பிரபு இன்னும் கண் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி. அய்யலூர்ச் சந்தையிலிருந்து நாங்கள் இருவரும் எரியோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்குவழிச் சாலையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஸ்டியரிங் சட்டென்று திரும்பியது. உயரமான வண்டியில் எடை மேலே இருக்கும். வேகத்தில் திருப்பினால் சக்கரம் தரையை விட்டுவிடும். கல்லூரியில் இதற்குக் கணக்குகூடப் போட்டிருக்கிறேன். மூன்று முறை உருண்டது. அண்ணன் வெளியே தூக்கி எறியப்பட்டான். அவனுக்குப் பெல்ட் போடும் பழக்கம் இல்லை. "இம்புட்டுப் பெரிய வண்டிக்குள்ள என்ன ஆகப்போகுது" என்பான். எனக்குத் தோளில் கன்றிய தடம் மட்டும். ஆட்கள் ஓடி வந்தபோது நான் தவழ்ந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் மதுரையில் ஐசியூவில் இருக்கிறான். வண்டி வடமதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.

அண்ணி நாகஜோதி மூன்று நாளாக எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். "எம்புருசன் உன்னையும் கொல்லப் பாத்துட்டாரே, மன்னிச்சுக்க ஆத்தா" என்று என் தலையைத் தடவினாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மெக்கானிக் ஃபயாஸ் போன் செய்து எங்களை வரச் சொன்னான்.

"அக்கா, பிரபு அண்ணன் ஆறடி. டிரைவர் சீட்டப் பாருங்க, எம்புட்டு முன்னால கெடக்கு. காலை எங்க வச்சிருப்பாரு?"

"உருண்டதுல நகந்திருக்கும்ல?" என்றாள் அண்ணி.

"இல்லக்கா. சீட்டுக்கு அடியில பல்லுல பூட்டிக் கெடக்கு. யாராச்சும் இழுத்தாத்தான் வரும்."

அண்ணி குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தாள். "குட்டையா எதுவோ உக்காந்து ஓட்டியிருக்கு" என்றாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு, அண்ணி வரவழைத்த குறிசொல்லும் கோடாங்கி வேலுசாமி ஒர்க்ஷாப்புக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு சீட்டுக்கு அடியிலிருந்து உடுக்கையை எடுத்தார்.

"சாமியாடிக்கே ஹெல்மெட்டா?" என்றான் ஃபயாஸ்.

"பேய்ட்ட இருந்து சாமி காப்பாத்தும். போலீஸ்ட்ட இருந்து யாருடா காப்பாத்துறது?"

வெயில் நேராக இறங்கியது. ஃபயாஸ் பேட்டரியை இணைத்ததும் வண்டி பீப் அடிக்க ஆரம்பித்தது. இடது இருக்கைக்குப் பெல்ட் போடச் சொல்லும் சத்தம். அங்கே யாரும் இல்லை. இருக்கைக்கு அடியில் எடையை உணரும் தகடு வளைந்திருக்கும், வேறொன்றுமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஃபயாஸ் அந்தச் சத்தத்தை நிறுத்திப் பார்த்தான். நிற்கவில்லை.

சூடம் எரிந்தது. உடுக்கை அந்தப் பீப்போடு சேர்ந்து அடித்தது. கோடாங்கி கண்களை மூடினார்.

"பொம்பளப் புள்ள" என்றார். "கல்யாணம் ஆகாதவ. அவன் இடத்துல உக்காந்திருக்கா."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பேரு சொல்ல மாட்டேங்குறா. சொல்ற வரைக்கும் அவன விட மாட்டா."

அண்ணி வண்டியின் முன் மண்டியிட்டாள். நசுங்கிய கதவு வழியாகத் தெரிந்த டிரைவர் இருக்கையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தாயி, நீ யாரா இருந்தாலும் சொல்லிரு. உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டேன். எட்டு வருசமா வண்டி ஓட்டுற மனுசன் எப்படித் தவறுனாருன்னு எனக்குத் தெரியணும். ஊரே அவரு குடிச்சிருந்தாருன்னு பேசுது, தாயி."

உடுக்கை வேகமெடுத்தது. "சொல்லு! உக்காந்தது யாரு?"

அண்ணியின் நெற்றி தரையில் பட்டது. மண்ணில் ஆயில் கறை இருந்தது. அது அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணி" என்றேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"எந்திரிங்க அண்ணி. அதுகிட்டக் கேக்காதீங்க. அண்ணன் குடிக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்து எனக்குக் கத்துக்குடுத்துக்கிட்டு வந்துச்சு. வண்டிய ஓட்டுனது நான்."