இடைவெளிக்கு ஒரு கம்பெனி

காலை எட்டரை மணிக்கு அந்த மூன்றாவது மாடி வீட்டில் வழக்கம்போல ஒரே அமளி. கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். பிளான் அக்கா மட்டும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிளான் அக்கா என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். மாடிப்படி கழுவுவதற்குக்கூட முறை போட்டு அட்டவணை ஒட்டிவிடுவாள். ஒட்டினால் வேலை நடக்கும். நடக்காமல் எங்கே போகும்? பன்னிரண்டு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்து, நாற்பது பேரை மேய்த்து, சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுத்தவள்.

"வேலைக்குப் போட்டதுக்குப் பதில் வந்துதாம்மா?" என்றார் கணவர்.

"வந்துச்சு. உங்க ஆர்வத்துக்கு நன்றியாம். இது நாப்பத்தோராவது நன்றி."

"விடு, எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"நடக்கட்டும். எந்தத் தேதிக்குன்னு மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க."

ஏறக்குறைய ஆறு வருடங்களுக்கு முன் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சும் போயிற்று, வலது பக்கமும் போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்ள யார் வேலையை விடுவது என்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசாமலே அது அவள் தலையில் விழுந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், வேலைச் சந்தை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ஏஐ கருவிகளிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டுமாம். புள்ளிவிவரத்தைப் படித்து, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். பாதிப் பேர் வீட்டிலும் பாதிப் பேர் அலுவலகத்திலும் இருக்கும் குழுவைக் கட்டி இழுக்க வேண்டுமாம். அவள் அசரவில்லை. ஆறு மாதத்தில் மூன்று சான்றிதழ் வாங்கினாள். "அம்மா, நீ அந்த ஏஐகிட்டகூட எப்ப முடிப்பேன்னு அதட்டறே" என்று மகள் சிரித்தாள்.

ஆனாலும் யாரும் கூப்பிடவில்லை. ஏனென்றால் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மனிதர்கள் இல்லை, ஒரு மென்பொருள். இரண்டு வருடத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் அதைத் தள்ளிவிடு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 'ஐந்து வருடம் மாமனாரைப் பராமரித்தேன்' என்று அவள் உள்ளபடி எழுதியது அதன் கண்ணில் வெறும் இடைவெளி.

கடைசியில் அவள் டைக்காரரிடம் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே குறுகலான ஓர் அறை, எந்த வெயிலிலும் கழற்றாத டை, பயோடேட்டாவைச் சரிசெய்து கொடுக்கும் தொழில். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பிழைக்கிறவர்களில் ஒருவர்.

"மேடம், மார்க்கெட் கேக்கறதெல்லாம் உங்ககிட்ட இருக்கு. இந்த அஞ்சு வருஷ ஓட்டைதான் பிரச்சினை. அடைச்சிரலாம்."

"எப்படி?"

"ஒரு கம்பெனி போடறோம். லெட்டர்பேடு இருக்கு. யாராவது விசாரிச்சா என் மச்சான் போனை எடுத்துப் பேசுவான். என்ன துறைன்னு போடட்டும்?"

அவள் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஹெல்த்கேர்னு போடுங்க" என்றாள்.

பத்தே நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் துறைத் தலைவரும், ஆள் எடுக்கும் அதிகாரியான ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசி ப்ராஜெக்ட்ல உங்களுக்குப் பெரிய ரிஸ்க் எது?" என்றார் துறைத் தலைவர்.

டைக்காரர் மனப்பாடம் செய்யச் சொன்ன பதில் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைத்தது. அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"ஒரே க்ளையன்ட் சார். இருபத்துநாலு மணி நேர சர்வீஸ். முடிவெடுக்கறவங்க நாலு பேர். மூணு பேர் வெளியூர். அவங்க போன்லயே ஆர்டர் போடுவாங்க, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஆகாது. அதனால வாரத்துக்கு ஒரு ரிப்போர்ட், நாலு பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்புவேன். ஷிப்ட்ல ரெண்டு ஆளுங்க. ஒரு நாள் ரெண்டு பேருமே வரல. அப்படி ஒரு நாள் வரும்னு மாத்து ஆள் லிஸ்ட் முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன். ஒரு வேளை மருந்துகூட, அதாவது, ஒரு வேலைகூடத் தவறல."

"க்ளையன்ட் திருப்தியா இருந்தாரா?"

"அவர் பேச மாட்டார் சார். முகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"பேசாத க்ளையன்ட்டா! யோகக்காரங்க நீங்க. எங்களுக்கு வாய்ச்சதெல்லாம் வாயை மூடறதே இல்ல." துறைத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சொன்ன தேதில முடிஞ்சுதா?"

"தேதி எங்க கையில இல்ல சார்" என்றாள் அவள்.

அன்றைக்கே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மகள் குதித்தாள். கணவர் பழைய அலுவலகப் பையை எடுத்துத் துடைத்து வைத்தார். அவளுக்கு மட்டும் சந்தோஷத்துக்குள் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

நெருடியது சரிதான். வேலையில் சேருமுன்பே, பன்னிரண்டாம் நாள் ஆள் எடுக்கும் அதிகாரி கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் ஒரு புகைப்படம். அதில், டைக்காரர் கம்பெனிக்குக் கொடுத்த விலாசத்தில் ஒரு சலவைக் கடை இருந்தது. மச்சான் போனை எடுக்கவில்லை.

"இப்படி ஒரு கம்பெனியே இல்லையே மேடம்."

"இல்ல."

"அப்ப அன்னிக்குச் சொன்னதெல்லாம்?"

"அது அத்தனையும் நிஜம். அந்த க்ளையன்ட் என் மாமனார். நாலு பேரும் அவர் பிள்ளைங்க, அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

அதிகாரி புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "இத அப்படியே எழுதியிருக்கலாமே" என்றாள்.

"எழுதினேனே. நாப்பத்தோரு எடத்துக்கு. அதுல உங்க எடமும் ஒண்ணு."

அதிகாரி எழுந்து துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கைகளை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே பிளான் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பேசாதவர் முகத்தை ஐந்து வருடம் படித்தவள் அல்லவா?

"பொய்ச் சான்று குடுத்தா எடுக்கக் கூடாதுன்னு ரூல். மூணு வருஷம் நீங்க இங்க அப்ளை பண்ணவும் முடியாது. அந்த சாப்ட்வேர்ல இடைவெளின்னா தள்ளுன்னு போட்டது நான்தான் மேடம். நீங்க செஞ்சது தப்பு. நாங்க செஞ்சதும் தப்பு. தண்டனை மட்டும் உங்களுக்கு." வேலை இல்லை என்ற கடிதத்தை முதலில் தன் பக்கமே இழுத்து வைத்தாள். ஆனால் நீட்டத்தான் செய்தாள்.

வேலை போயிற்று. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த கதையாக, ஒரு பொய்யோடு சேர்த்து அவளுடைய ஐந்து வருட உண்மையும் கொட்டப்பட்டது. யாரைக் குற்றம் சொல்ல என்று தெரியாமல், பேருந்தில் வழி முழுக்க அவள் அழுதுகொண்டே வந்தாள்.

வீட்டில் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அந்த டைக்காரனைச் சும்மா விடக் கூடாது" என்றார்.

"அவரைச் சொல்லி என்ன? கையெழுத்துப் போட்டது நான்."

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"அஞ்சு வருஷமா எங்க ஆபீஸ்ல, சொந்தத்துல, எல்லாரும் கேப்பாங்க, உங்க வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு. சும்மா வீட்லதான் இருக்கான்னு சொல்வேன். ஒரு தடவைகூட வாய் தவறி வேற மாதிரி வரல. அப்பாவைத் தூக்கி, துடைச்சு, ஊட்டி, நாங்க நாலு பேர் போட்ட சண்டையையும் தாங்கினவளை, சும்மா இருக்கான்னேன். மொதப் பொய் அந்த டைக்காரன் சொன்னதில்லம்மா. நான் சொன்னது. வீட்ல பாக்கற வேலைய வீட்ல இருக்கற நாமளே வேலைன்னு சொல்லல. அப்புறம் கம்ப்யூட்டர் மட்டும் எப்படிச் சொல்லும்?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"உங்க பொய்க்கு மட்டும் யாரும் விலாசம் தேடிப் போய்ச் சரிபாக்க மாட்டாங்க" என்றாள்.