எமில் விழுந்து காட்டிய விதம்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. பிரான்சில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார். அடுத்த கிழமை திரும்பக் கேட்டபோது வேறொரு முடிவோடு வந்தார்.

"அண்டைக்கு வேறை மாதிரியல்லோ சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு நீர் தேத்தண்ணி வாங்கித் தரேல்லை."

ஆகவே இந்தக் கதையில் நான் எவரையும் நம்பவில்லை. சொன்னவரையும் சேர்த்துத்தான்.

2.

முதல் தொடக்கம்: "1912ஆம் ஆண்டு. தென் பிரான்சின் சதுப்பு நிலத்தில் ஒரு வெள்ளைக் குதிரை சேற்றைக் கிளப்பிக்கொண்டு..."

வேண்டாம். நான் அங்கே இருக்கவில்லை. எமில் அங்கே இருந்தாரா என்பதுதான் இந்தக் கதையின் வழக்கே.

இரண்டாவது தொடக்கம்: 1985. லா சப்பலில் சவிரிமுத்துவின் வீடியோக் கடை.

இது பரவாயில்லை. ஊரிலிருந்து வரும் கல்யாண வீடியோக்களைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் போட்டால் நிறம் போய்விடும், சத்தத்துக்குப் பதில் இரைச்சல் வரும். அவற்றை இந்த நாட்டு முறைக்கு மாற்றிப் பிரதி எடுத்துக் கொடுப்பது சவிரிமுத்துவின் தொழில். மாற்றுவதற்கு முன் ஒருதரம் போட்டுப் பார்ப்பான். கூறைச்சேலை சாம்பலாகவும் ரோசாமாலை கறுப்பாகவும் தெரியும். பாதர் சத்தமில்லாமல் வாயசைப்பார். அதைப் பார்க்கத்தான் எமில் வருவார்.

எமிலுக்கு வயது தொண்ணூற்றிரண்டு. கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். பேசாப்படக் காலத்தில் தான் கௌபோய் படங்களில் நடித்ததாகச் சொல்வார். அமெரிக்காவில் அல்ல. பிரெஞ்சுக்காரர்களே தெற்கே, கமார்க் சதுப்பில் குதிரைகளை ஓடவிட்டு எடுத்த படங்கள். கதாநாயகனும் அல்ல. குதிரைக் கள்ளன், சாராயக் கடைக்காரன், தந்தி கொண்டு வந்து கொடுத்தவுடன் சூடு வாங்குகிறவன். பிறகு 1914 யுத்தம் வந்தது. திரும்பி வந்தபோது கம்பனியும் இல்லை, குதிரைகளும் இல்லை. மிச்ச ஆயுளை லா சப்பல் சரக்கு ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றிக் கழித்தாராம்.

(அடிக்குறிப்பு: அந்த நாட்களில் லா சப்பலில் சும்மா இருந்து ஆட்களைப் பார்க்கிற எவரையும் பொலிசின் ஆள் என்றோ, ஊரில் ஏதோ ஓர் இயக்கத்தின் ஆள் என்றோ சந்தேகிப்பது வழக்கம். சவிரிமுத்துவும் எமிலை முதலில் அப்படித்தான் நினைத்தான். அந்தச் சந்தேகத்தை முழுதாக விட்டுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன்.)

3.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடுத்த நாள் பூசையில் சவிரிமுத்துவின் தங்கை அற்புதராணியின் கல்யாண அறிவித்தலைக் கடைசித் தடவையாக வாசிக்க இருந்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பாதர் வாசிப்பார், கோயிலில் நாலு பேர் இருமுவார்கள், அத்தோடு சரி. மாப்பிள்ளை இராயப்பு மன்னார்க்காரர், எபினே புறநகரில் ஒரு உணவகத்தில் சமையல். ஏற்கனவே கல்யாணம் கட்டாதவர் என்று ஊர்க் கோயிலிலிருந்து கடிதம் வரவேண்டும். யுத்தத்தில் எந்தக் கடிதம் வந்தது? பாதர் அவருடைய வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டார்.

அன்று போட்ட கசெற், மன்னாரிலிருந்து கார்ஜ் புறநகரில் ஒரு வீட்டுக்கு வந்தது. பிரதியின் பிரதி. முகங்களெல்லாம் மாவில் செய்தவை போல இருந்தன. தாடி வைத்த ஒரு மாப்பிள்ளை பீடத்திலிருந்து வாசலுக்கு நடந்தார்.

எமில் கதிரையில் நிமிர்ந்தார்.

"உவனை எனக்குத் தெரியும், இஞ்சை கடைக்கு வந்துபோறவன். உம்மட தங்கச்சியைக் கட்டப்போறவன்."

"மிசியே எமில், உந்த முகத்திலை மூக்கே தெரியேல்லை."

"முகத்தை ஆர் பாத்தது? நடையைப் பாரும். இடதுகாலைத் தூக்கி, யோசிச்சுத்தான் வைக்கிறான். நாங்கள் காலமை ஷெரீப்பின்ரை ஆளாச் செத்து, பின்னேரம் கள்ளனாச் சாவம். தாடி ஒட்டுவம், தொப்பி மாத்துவம். டைரக்டர் ஏமாறுவார். குதிரை ஏமாறாது. அது நடையைத்தான் பாக்கும்."

(இருவரும் பிரெஞ்சில்தான் பேசினார்கள். சவிரிமுத்து கேட்டதையெல்லாம் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் விளங்கிக்கொள்வான். அவனுக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.)

கார்ஜ் வீட்டாரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் இருட்டுவதற்குள் பக்கத்துச் சார்செல் முழுக்கக் கதை பரவியிருக்கும். அது பொய்யாகிப்போனால் இராயப்பு கோபித்துக்கொண்டு போய்விடுவார். அற்புதராணிக்கு முப்பத்திநாலு வயது.

4.

"நீங்கள் நடிச்சதுக்கு என்ன ஆதாரம்? ஒரு படம் காட்டுங்கோ."

"எல்லாத்தையும் உருக்கிப்போட்டாங்கள். பிலிம் சுருளிலை இருந்த வெள்ளிக்காக."

"உங்கட பேர் ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"செத்து விழுகிறவன்ரை பேரை ஆர் போட்டது?"

"போட்டோ?"

"வீட்டோடை எரிஞ்சது."

அகதி அலுவலகத்தில் ஒரு பெண் இதே கேள்விகளை, இதே குரலில் சவிரிமுத்துவிடம் கேட்டிருக்கிறாள். அவனும் இதே பதிலைத்தான் சொன்னான். அவன் சொன்னது உண்மை. அவள் நம்பவில்லை. இப்போது தன் வாயிலிருந்து அவளுடைய குரல் வருவதைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. தங்கை எபினேக்குப் போய்விட்டால் இந்தக் கிழவருக்கு யார் சாப்பாடு கொடுப்பார்கள், அதற்காகத்தான் புளுகுகிறாரோ என்று ஒரு நினைப்பு வந்து குந்திக்கொண்டது.

ஏனென்றால் எமிலுக்கு நாளாந்தம் சாப்பாடு கொடுப்பது அற்புதராணிதான்; அந்த நேரம்தான் மீன்குழம்பும் சோறும் கொண்டு வந்தாள். அண்ணன் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, கட்டப்போறது நான். உவர் சொல்லுறது பொய்யெண்டா நாளைக்கு அறிவித்தல். மெய்யெண்டா நானே எழும்பித் தடை சொல்லுறன். எதெண்டு கெதியாச் சொல்லு."

5.

எமிலின் கண்களில் உண்மையின்

[அடித்துவிட்டேன். கண்ணில் உண்மையைக் கண்ட எழுத்தாளர்கள் எல்லோரும் பொய்யர்கள்.]

தேத்தண்ணி வாங்கிக் கொடுக்காத அன்று கிடைத்த முடிவு: எமில் ஒரு புளுகர், கல்யாணம் சிறப்பாக நடந்தது, இரண்டு பிள்ளைகள். வாங்கிக் கொடுத்தபின் கிடைத்த முடிவு: மன்னாரில் இராயப்புவுக்கு ஒரு மனைவி இருந்தாள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அன்று மத்தியானம் கடையில் நடந்ததை இரண்டு முறையும் கதை சொன்னவர் விழுங்கிவிட்டார். நான்தான் வாயைக் கிண்டி எடுத்தேன்.

6.

"உண்மையா நடிச்சனீங்களெண்டா, ஒருக்கா விழுந்து காட்டுங்கோ" என்றான் சவிரிமுத்து.

"அண்ணை, உனக்கென்ன விசரே?" என்று கத்தினாள் அற்புதராணி.

எமிலுக்குப் பெரிய சந்தோசம். தொப்பியைக் கழற்றிச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரையை ஓரமாகத் தள்ளினார்.

"துவக்குச் சூடு எந்தப் பக்கத்தாலை வருது?"

சவிரிமுத்து வாசலைக் காட்டினான்.

எமில் வாசலைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். நோவு வருமுன் முகத்தில் ஆச்சரியம் வந்தது. பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் இறங்கினார். தொண்ணூற்றிரண்டு வயதில் சும்மா விழுகிறவர் அப்படி விழமாட்டார். அது பழகிய விழுகை. அல்லது அப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன்.

அவர் எழும்பவில்லை.

நல்ல நடிகன் டைரக்டர் சொல்லும்வரை எழும்பமாட்டான் என்று சவிரிமுத்து நினைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது கதவு திறந்தது. இராயப்பு, கையில் நாளைக்கென்று வாங்கிய கேக் பெட்டி. தரையைப் பார்த்தார், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அண்ணை, பிடியுங்கோ! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" அதற்குள் அற்புதராணி குந்தியிருந்து எமிலின் நெஞ்சில் காதை வைத்துவிட்டாள்.

சவிரிமுத்து குனியவில்லை. வாசலிலிருந்து கிழவர்வரை இராயப்பு வைத்த கால்களைப் பார்த்தான். இடதுகால் கொஞ்சம்...

ஆனால் ஓடுகிறவனின் நடையை எப்படிச் சொல்வது?

"இராயப்பு," என்றான் சவிரிமுத்து, "ஒருக்கா திரும்ப வாசலுக்குப் போய், ஆறுதலா நடந்து வாரும்."

அற்புதராணி எமிலின் நெஞ்சிலிருந்து தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அங்கே அவளுக்கு என்ன கேட்டது, ஒன்றுமே கேட்கவில்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும். தேத்தண்ணிக் கடையில் கதை சொன்னவருக்குத் தெரியாது. எத்தனை தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தும் பலனில்லை.

அவள் வாயைத் திறக்கிறாள். இங்கே நிறுத்துகிறேன். அவள் சொல்வதை நீங்கள் எழுதுங்கள், கல்யாணத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: கதவு திறந்தபோது நீங்கள் கிழவரைப் பார்த்தீர்களா, காலைப் பார்த்தீர்களா?

நான் காலைத்தான் பார்த்தேன்.