விடுதிக்காரி செத்த விதம்

துறையில் காலியாக இருந்த நிரந்தர விரிவுரையாளர் பணி ஒன்றே ஒன்றுதான். அது தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அண்ணி தன் முழு நம்பிக்கையையும் ஒரு புத்தகத்தின் மீது வைத்திருந்தாள். அவளை அண்ணி என்று அழைப்பவள் உலகத்திலேயே ஒருத்திதான்: கணவனின் தங்கை. மணவாழ்க்கை முறிந்து அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். பழைய காகிதத்துக்குள் எந்நேரமும் மூக்கை நுழைத்துக்கொண்டிருப்பதால் அண்ணன் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தான், அது நிலைத்துவிட்டது. வீட்டில் சும்மா கிடப்பவளைப் பார்க்கப் பொறுக்காமல், துறைத்தலைவரிடம் சொல்லி அவளை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்ய வைத்ததும் அண்ணிதான். அந்த உதவியை அவள் மறந்துவிடாதபடி அவ்வப்போது பார்த்துக்கொண்டதும் அண்ணியேதான்.

அண்ணியின் ஆய்வுப்பொருள், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் ரயில் பயணத்தில் வாங்கிப் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச்சென்ற நாவல்கள். லட்சம் பேர் வாசித்து, பின்பு ஒருவர்கூட நினைவில் வைத்துக்கொள்ளாத எழுத்து. அந்தக் குவியலிலிருந்து அவள் ஒரு பெண் எழுத்தாளரைத் தோண்டி எடுத்தாள். நாவலின் நாயகி, வாடகைக்கு அறை விடும் ஒரு விடுதிக்காரி. ஊரார் சுமையையெல்லாம் தன் தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டு மாய்கிறவள். கதையின் பிற்பகுதியில் ஒரு வாக்கியம் இப்படித் தொடங்கிப் பாதியில் நிற்கிறது: விடுதிக்காரி கொல்லைக் கதவைத் திறந்தாள், திறந்தவள்... அடுத்த வரியில் அவளுடைய சவப்பெட்டியை நால்வர் மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எப்படிச் செத்தாள் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த இடத்தைப் படித்த அன்று அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. மரணத்தை வாக்கியத்தின் நடுவிலேயே விழுங்கிவிட்ட துணிச்சல்! மேதைகள் என்று கொண்டாடப்பட்ட ஆண்களுக்கும் கைவராத மௌனம்! மறுபதிப்புக்கு அவள் எழுதிய நீண்ட முன்னுரை முழுவதும் அந்த ஒரு பிளவைச் சுற்றியே கட்டப்பட்டது. புத்தகம் வெளிவந்தது, மதிப்புரைகள் வந்தன, நேர்காணலுக்கான அழைப்பும் வந்தது.

மூலப்படியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கணினி எழுத்தாக மாற்றியவள் சுண்டெலி. பக்க எண்களையும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு வரியையும் நீக்கிவிட்டு, வெறும் கதையை மட்டும் கோப்பாக அனுப்புவதே அவர்களுடைய வழக்கம். அச்சுக்குப் போகும் முன், அனுப்பிய கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தபோது அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே ஓடிவந்தாள்.

"அண்ணி, இங்க பக்க எண் தாவுது. பல பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புத்தாளே பைண்டிங்ல விட்டுப்போச்சோ என்னமோ. வேற பிரதி எங்கயாவது கிடைக்குமான்னு பார்க்கலாமா?"

அண்ணி அதற்கு முன்பே கோப்பைப் படித்திருந்தாள். முன்னுரையின் முதல் பகுதியையும் எழுதியிருந்தாள்.

"அந்தக் காலத்து மலிவுப் பதிப்பும்மா. எண் போடுறவன் தூங்கி வழிஞ்சிருப்பான். நீ கண்டதையும் குடையாம வேலையை முடி."

"இல்ல அண்ணி, வாக்கியமே பாதியில நிக்குதே?"

"அதுதான் இலக்கியம். உனக்கு அது புரியறதுக்கு இன்னும் நாளாகும்."

சுண்டெலி சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாள். அண்ணி தாளித்ததை இறக்கி வைத்தாள். மனத்தின் ஓரத்தில் ஏதோ நெருடியது. கரண்டியைக் கழுவி வைப்பதற்குள் அதையும் கழுவிவிட்டாள்.

நேர்காணல் அறையில் துறைத்தலைவரோடு வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"உங்க முன்னுரையை ரெண்டு தடவை படிச்சேம்மா. அபாரம். கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"நன்றி சார்."

"எனக்கும் இந்த மாதிரிக் குப்பை சேர்க்குற வியாதி உண்டு." பையிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, அடையாளம் வைத்திருந்த இடத்தில் விரித்து, மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். "இங்கேருந்து கொஞ்சம் சத்தமா வாசிங்களேன்."

வாசித்தாள். விடுதிக்காரி கொல்லைக் கதவைத் திறந்தாள். திறந்தவள், பக்கத்து வீட்டு ஆடு தன் உள்பாவாடையை மென்றுகொண்டிருப்பதைக் கண்டாள். துடைப்பத்தோடு துரத்தினாள். ஆடு மதிலேறியது, அவளும் ஏறினாள். மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தளபதி அந்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து, தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டார். அவள் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கி, மழைநீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தாள்.

துறைத்தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்க," என்றார் நிபுணர். "சளி பிடிச்சுப் படுத்துக்கிட்டு, ஆட்டுக்கு உயில் எழுதுறா பாருங்க, அதுதான் உச்சம்."

அவள் உயில் வரைக்கும் வாசித்தாள். தும்மலோடு தும்மலாக விடுதிக்காரி உயிரைவிட்டதையும் வாசித்தாள். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தன் குரல் நடுங்கவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

"இப்போ அந்த மகத்தான மௌனம் எங்கம்மா போச்சு?"

பதில் அவளுக்குள் எப்போதோ தயாராகியிருக்க வேண்டும். அவ்வளவு சீராக வெளிவந்தது.

"மூலப்படியைக் கையாண்டது நான் இல்ல சார், என் உதவியாளர். எனக்கு வந்தது பக்க எண் இல்லாத கோப்பு மட்டும்தான். பக்கம் தாவினதை அவ கவனிக்கவே இல்ல."

"யாரு அது?" என்றார் துறைத்தலைவர். "உங்க நாத்தனாரா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுப் பொண்ணுன்னு நம்பி முழுசா விட்டுட்டேன் சார். அது என் தப்புதான். பழியை அவ மேல போட எனக்கு மனசு வரல."

நிபுணரின் முகம் கனிந்தது. மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. கையில குடுத்த பிரதிக்கு உங்க வாசிப்பு சரிதானே?"

"மௌனம்னு நான் நினைச்ச இடத்துல சிரிப்பு இருக்கு சார். ஒரு பெண்ணோட சாவைச் சிரிப்பா எழுதுற தைரியம் அதைவிடப் பெரிசு. அடுத்த பதிப்புல அதைத்தான் எழுதப்போறேன்."

"பலே!" என்றார் நிபுணர்.

துறைத்தலைவர் மட்டும் இன்னும் முகம் சுளித்தபடி இருந்தார். "ஒரு புத்தகத்தை முழுசாப் புரட்டிப் பார்க்கத் தெரியாத பொண்ணை ஆராய்ச்சிக்கு வெச்சு நான் என்ன பண்றது? பதிவை ரத்து பண்ணிடலாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

சுண்டெலியைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. எதிரில் நிபுணர் மதிப்பெண் தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா இன்னும் நிற்கவில்லை.

"உங்க முடிவு சார். வீட்டு உறவு இதுல குறுக்க வரக்கூடாது."

மாலையில் கதவைத் திறந்த சுண்டெலி, அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு கையைப் பிடித்துக் குதித்தாள். "கிடைச்சிருச்சா? எனக்குத் தெரியும் அண்ணி! உங்க முன்னுரையைப் படிச்சவன் எவன் மாட்டேன்னு சொல்லுவான்?"

"செருப்பையாவது கழட்ட விடுடி." அண்ணி பையிலிருந்து நிபுணரின் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "உன் ஆசைப்படியே விட்டுப்போன பக்கம் கிடைச்சிருக்கு. இரவல்தான். உடனே அடிச்சுக் குடுத்துடு, அடுத்த பதிப்புல சேர்க்கணும்."

தன் சந்தேகம் சரியாகிப் போனதில் சுண்டெலிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்காட்டாத நாகரிகம் அவளுக்கு உண்டு. அப்போதே கணினிமுன் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. "அண்ணி, ஐயோ, இந்த ஆட்டைப் பாருங்களேன்! சாகும்போதுகூட இவளுக்குக் கொழுப்பு அடங்கல!"

அண்ணியும் சிரித்தாள். சிரிப்பது அவ்வளவு கடினமாக இல்லை.

அப்போது சுண்டெலியின் கைபேசி ஒலித்தது; அழைத்தவர் துறைத்தலைவர். "வணக்கம் சார்," என்றாள் அவள் உற்சாகமாக. பிறகு நெடுநேரம் மறுமுனையே பேசியது. அண்ணி எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. சுண்டெலி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கும் நிதானம் இருந்தது. அண்ணனுடைய வீடு, அண்ணனுடைய கூரை, திரும்பிப் போவதற்கு வேறு கதவு கிடையாது.

"ஆமா சார்," என்றாள் சுண்டெலி. "நான்தான் கவனிக்கல சார். அண்ணி மேல தப்பே இல்ல."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் மறுபடியும் விசைப்பலகையில் விரல் வைத்தாள். உயிலையும் தும்மலையும் ஒரே சீராக அடித்தாள்; இம்முறை சிரிக்கவில்லை. முடித்ததும் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணன் வர்ற நேரமாச்சு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அண்ணி அவசரமாகக் கேட்டாள், "எதை?"

"உங்களுக்கு வேலை கிடைச்சதைத்தான், அண்ணி."