நடுவில் மைனஸ்

17 ஜூலை 2025, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். முத்துசெல்வி அக்காவின் டிவி கேமில் தவறான அடாப்டரைச் செருகினேன். டப்பென்று சத்தம். பிறகு புகை.

எழுதியதை வாசித்துப் பார்த்த வேல்விழி ‘சின்ன’ என்ற சொல்லை அடித்தாள். அடித்த இடம் அசிங்கமாகத் தெரிந்தது. பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று யோசித்தாள். அதுவும் ஒரு பொய்தான் என்று தோன்றவே நோட்டை மூடிவைத்தாள்.

பகலில் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை, இரண்டு தெரு தள்ளி மாடியில் நடக்கும் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு. அந்த வகுப்பில் அவள் சேர்ந்ததே பழைய டிவி கேம்களுக்காகத்தான். கேசட்டைச் செருகி, இரண்டு ரிமோட்டை வைத்து ஆடும் அந்தக் காலத்துப் பெட்டிகள். பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி எடுத்து, வீட்டில் ஏழு சேர்த்திருந்தாள். ஏழும் ஓடும். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் அவள் கை வைப்பதில்லை. வியாழக்கிழமையும் அடாப்டரை மீட்டரில் மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் ஒன்பது வோல்ட் காட்டியது. ஆனால் இந்தக் காலத்து அடாப்டர்களில் பின்னின் நடுவில் ப்ளஸ். அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் மைனஸ் வேண்டும். அவளுடைய ஏழுக்கும் பெயர் எழுதி ஒட்டிய தனித்தனி அடாப்டர்கள் இருந்ததால், அதை யோசிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. மூன்று முறை பார்த்தும், பார்க்க வேண்டியதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முத்துசெல்வி குற்றாலத்தில் சீசன் டியூட்டி பார்க்கும் போலீஸ். ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது வேல்விழியின் போனில் டிவி கேம் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளே தன்னுடையதை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அடாப்டர் மட்டும் எங்கோ தொலைந்து போயிருந்தது. பட்டாளத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி சனிக்கிழமை இரவு லீவில் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் டாங்கி சண்டை ஆட வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறைகூட அவனை அவள் ஜெயித்ததில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில், பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் போர்டில் வெடித்த கெபாசிட்டரையும் கருகிப்போன ரெகுலேட்டரையும் வேல்விழி மாற்றினாள். டிவியில் சாம்பல் நிறம் மட்டுமே வந்தது. பக்கத்து மேஜையில் மொபைல் பிரித்துக்கொண்டிருந்த ரிஃபாத் எட்டிப் பார்த்தான்.

“இதே மாதிரி ஒண்ணு ஒன் வீட்டுல இருக்குல்லா? அந்த போர்டத் தூக்கி இதுக்குள்ள வச்சிரு. அந்த அக்கா என்ன, திருகக் கழத்தியா பாக்கப் போறாவ?”

வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்தாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. படம் பளிச்சென்று வந்தது. அதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை என்பதை நோட்டில் எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் தெரியவில்லை.

சனிக்கிழமை கடையில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, பெட்டியும் எரிந்த போர்டும் இருந்த மஞ்சள் பையோடு குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். மெயின் அருவியில் தண்ணீர் அதிகமாகி, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் முனகிக்கொண்டு நின்றது. சாரலில் நனைந்த மழைக்கோட்டோடு முத்துசெல்வி விசிலும் கையுமாக இருந்தாள்.

“ரெடியாட்டி? அவன் ராத்திரி வந்து எறங்குதான்.”

பஸ்ஸில் மனப்பாடம் செய்த வாக்கியத்தை வேல்விழி ஒரே மூச்சில் சொன்னாள். “அக்கா, உங்க பெட்டிக்குள்ள இருக்கது என் போர்டு. உங்க போர்ட நாந்தான் எரிச்சிட்டேன். அடாப்டர மாத்திப் போட்டுட்டேன். அது தனியா இந்தப் பையில இருக்கு.”

முத்துசெல்வி அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏட்டி, என் சர்வீஸ்ல களவாண்டவன் ஒருத்தன்கூட இப்படி சாமானோட வந்து நின்னதில்ல.” சிரிப்பாள் என்று பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. கயிற்றைத் தாண்டக் கால் வைத்தவரைப் பார்த்து, “அண்ணாச்சி, ஒங்களுக்குத் தனியாச் சொல்லணுமா? தள்ளி நில்லுங்க!” என்று கத்திவிட்டுத் திரும்பினாள்.

“எங்கப்பா இங்கன சீசன் கடையில வாங்கித் தந்தது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு. அதுல ஜெயிச்சாத்தான் ஜெயிச்ச மாதிரி. வேறதுல ஜெயிச்சா மெஷின மாத்திட்டேன்னு சொல்லுவான். எனக்கே அப்படித்தான் இருக்கும்.”

“இன்னைக்கு கிளாஸ்ல இன்னொரு வாட்டி பாக்கேன்க்கா. சரியாகும்னு சொல்ல முடியாது.”

“பாரு. ஆகலன்னா விடு. ஆனா சரியானாலும் ஆகாட்டியும், எரிஞ்சத அவன்ட்ட நீதான் சொல்லணும். எனக்கு அந்தத் தைரியம் கெடையாது.”

“நீங்க போலீஸுல்லா?”

“அண்ணன்ட்ட போலீஸு செல்லுமாட்டி?” என்றபோதுதான் முத்துசெல்விக்குச் சிரிப்பு வந்தது.

மாலை வகுப்பில் இரண்டு போர்டுகளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“ரெண்டு பொணமா?” என்றான் ரிஃபாத்.

“ஒண்ணு உசிரோட இருக்கு. பேசாத, எண்ணிட்டிருக்கேன்.”

நோட்டில் நடுவே கோடு போட்டாள். இடதுபக்கம் நல்ல போர்டு, வலதுபக்கம் எரிந்தது. ஒவ்வொரு இடமாக மீட்டரை வைத்து, இரண்டிலும் என்ன வருகிறது என்று எழுதிக்கொண்டே போனாள். பதிமூன்று இடங்கள் வரை ஒன்றுபோலவே இருந்தன. பதினான்காவதில் நல்லதில் ஐந்து வோல்ட், எரிந்ததில் ஒன்றுமில்லை. கெபாசிட்டரைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். அதற்கு அடியில், தலைமுடி அளவே இருந்த செம்புக்கோடு கருகி அறுந்திருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டும். புதிய கெபாசிட்டரை அதன் மேலேயே உட்காரவைத்து, தானே மூடியிருக்கிறாள். மெல்லிய வயர் ஒன்றை வைத்துச் சால்டரிங் செய்தாள். உள்ளே சிப்பும் போயிருந்தால் இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஸ்விட்சைப் போட்டாள். மறுபடியும் சாம்பல். பிறகு கேசட்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை ஸ்பிரிட்டில் துடைத்துத் திரும்பச் செருகினாள். திரை கறுத்தது. அடுத்து, செங்கல் சுவர்களுக்கு நடுவே மஞ்சள் டாங்கி ஒன்றும் பச்சை டாங்கி ஒன்றும் வந்து நின்றன.

“ஏ, வந்துட்டுல்லா!” ரிஃபாத் இரண்டாம் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். அரை நிமிடத்தில் தன் கோட்டையைத் தானே சுட்டுத் தோற்றான். “ரிமோட்டு சரியில்ல” என்றான். வேல்விழி அதையும் பிரித்துச் சோதித்தாள். ரிமோட் சரியாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நோட்டை மடியில் வைத்து எழுதினாள்.

19 ஜூலை, சனி. அக்காவின் போர்டு ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் கரகரக்கிறது; காரணம் தெரியவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுக்கு, கீழப்பாவூர் பஸ். அண்ணனிடம், அவர் ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே, நடந்ததை நான் சொல்ல வேண்டும்.